பழியை ஷார்ட் மேல் மட்டும் போடாதீர்கள்: நம் முதலீட்டு வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

நம் சனிக்கிழமை முதலீட்டு வட்டத்து நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நூலகத்து அறையில் அண்ணாச்சி தம் நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் விரித்துவைத்து, "ஷார்ட் அடித்தவர்கள், அதாவது பங்கை இரவல் வாங்கி விற்றவர்கள், என்றைக்காவது அதை வாங்கித்தானே தீரவேண்டும்? அன்றைக்கு நம் விலை பறக்கும்" என்று சொன்னார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். கணக்கு எழுதியே பிழைக்கிறவன் அந்த இடத்தில் பேசாமல் இருந்தது பெரிய தவறு. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்த நோட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சை அட்டை, கோடு போட்ட தாள், அழகான கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய விலை. ஒரே கம்பெனியின் பங்கைப் பதினொரு முறை வாங்கியிருக்கிறார். விலை இறங்க இறங்க, சராசரியைக் குறைக்கலாம் என்று மேலும் வாங்கியிருக்கிறார். கடைசி நான்கு வரிகள் சிவப்புப் பென்சிலில். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் அது கடந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்குகளை, அதாவது பின்னால் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய தனிவகைப் பங்குகளை, வெளியிட்டிருக்கிறது. அந்தச் செய்தி நோட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அறையில் இருந்த யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

ஷார்ட் செல்லிங் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாத வித்தை அல்ல. பக்கத்து வீட்டில் பத்து மூட்டை நெல்லை இரவல் வாங்கி, இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, அறுவடையில் விலை இறங்கியதும் பத்து மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுப்பது. திருப்ப வேண்டியது பணத்தை அல்ல, நெல்லை. விலை இறங்கினால் லாபம். மழை பொய்த்து விலை ஏறினால், எந்த விலைக்கும் வாங்கித்தான் ஆகவேண்டும். இரவல் வாங்கியவர்கள் நிறையப் பேராக இருந்து, எல்லோரும் ஒரே நாளில் வாங்க ஓடினால் விலை எகிறும். அதைத்தான் ஷார்ட் ஸ்குவீஸ் என்கிறோம். அண்ணாச்சி காத்திருப்பது அந்த நாளுக்காக.

இரவல் வாங்கி விற்பவர் சந்தையில் கூடுதலாகப் பங்கைக் கொட்டுகிறார், அதனால் விலை அழுந்துகிறது என்பது உண்மை. ஆனால் என்றாவது ஒருநாள் அதே அளவு வாங்கியும் ஆகவேண்டும் என்பதும் உண்மை. அவர் விற்பதால் கம்பெனியின் மொத்தப் பங்கு எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடுவதில்லை. புரட்டைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களிலும் ஷார்ட் அடித்தவர்கள் உண்டு. ஜெர்மனியில் வயர்கார்டு என்ற பணப்பரிமாற்றக் கம்பெனியின் பங்கை ஷார்ட் அடிக்கக் கூடாது என்று 2019 பிப்ரவரியில் அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பே இரண்டு மாதம் தடை போட்டது. 2020 ஜூனில் 190 கோடி யூரோ கணக்கில் இல்லை என்று தெரிந்து அந்தக் கம்பெனி திவாலானது. சந்தேகப்பட்டவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணாச்சியின் கம்பெனியைப் போலவே அதே அச்சில் வார்த்த, ஊரறிந்த ஒரு கதை நம் பக்கத்திலேயே நடந்தது: பெட் பாத் அண்ட் பியாண்ட். நியூஜெர்சியின் யூனியன் என்ற ஊரில் தலைமையகம் இருந்தது. 1971இல் இதே மாநிலத்தில் தொடங்கிய வீட்டுச் சாமான் கடை. நம் வீடுகளில் அந்த நீல நிற 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் இல்லாத சமையலறை இழுப்பறை உண்டா? என் மனைவி ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாகவே வைத்திருந்தாள்.

2023 ஜனவரியில் அந்தக் கம்பெனி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. தொடர்ந்து நடத்த முடியுமா என்பதே சந்தேகம் என்று அதுவே அறிவித்தது. கடன் கொடுத்த வங்கி, கடன் ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று நோட்டீஸ் கொடுத்தது. ஆனாலும் பங்கு மேலே ஏறியது. பிப்ரவரி 6, திங்கட்கிழமை ஒரே நாளில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 5.86 டாலரில் முடிந்தது. ஸ்குவீஸ் வந்துவிட்டது என்று பலர் கொண்டாடினார்கள். அன்று மாலை சந்தை மூடிய பிறகு, புதிய வெளியீடு பற்றிய அறிவிப்பு வந்தது. மறுநாள் பங்கு 3.01 டாலருக்கு விழுந்தது.

அந்த வெளியீட்டில் என்ன இருந்தது என்பதைப் பென்சிலை எடுத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து பாருங்கள். 23,685 மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்குகள். ஒன்றின் மதிப்பு 10,000 டாலர். விற்றது 9,500 டாலருக்கு. கம்பெனிக்கு உடனே வந்தது சுமார் 22.5 கோடி டாலர். இதே மாதிரி இன்னும் 84,216 முன்னுரிமைப் பங்குகளைப் பின்னால் வாங்கிக்கொள்ள வாரன்ட்டுகள், அதாவது வாங்கும் உரிமைச் சீட்டுகள். அவை முழுதும் பயன்பட்டால் மேலும் 80 கோடி டாலர். இவை போகச் சாதாரணப் பங்குகளுக்கான வாரன்ட்டுகள் தனி.

ஒரு முன்னுரிமைப் பங்கைச் சாதாரணப் பங்காக மாற்ற 6.15 டாலர் என்று ஒரு விலை வைத்தார்கள். இதுதான் 'மாற்று விலை'. பத்தாயிரத்தை அதால் வகுத்தால் ஒன்றுக்கு 1,626 பங்குகள். இத்தோடு நின்றிருந்தால் இந்த மடலே தேவையில்லை. வேறொரு வழியிலும் மாற்றலாம் என்று இன்னொரு பிரிவு இருந்தது. முந்தைய பத்து வர்த்தக நாட்களின் சராசரி விலைகளில் எது மிகக் குறைவோ, அதில் 92 சதவீதத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். பங்கு எவ்வளவு விழுந்தாலும் அந்த விலை 0.716 டாலருக்குக் கீழே போகாது. அதுதான் தரைவிலை.

பங்கு இரண்டு டாலருக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் 92 சதவீதம் 1.84. பத்தாயிரத்தை அதால் வகுத்தால் 5,434 பங்குகள். இரண்டு டாலருக்கே விற்க முடிந்தால் கையில் சுமார் 10,869 டாலர். பங்கு ஒரு டாலருக்கு வந்தால்? 0.92ஆல் வகுத்தால் 10,869 பங்குகள். விற்றால் கையில் அதே 10,869 டாலர். போட்டது 9,500. இரண்டு டாலராக இருந்தாலும் ஒரு டாலராக இருந்தாலும் முன்னுரிமைப் பங்கை வைத்திருப்பவருக்கு ஒரே லாபம். தரைவிலைக்கே மாற்றினால் ஒன்றுக்கு 13,966 பங்குகள். முதலில் சொன்ன 1,626 எங்கே, இந்த 13,966 எங்கே!

விலை விழுந்தால் நமக்கு நட்டம். அவருக்குக் கூடுதல் பங்கு. அந்தக் கூடுதல் பங்கு எங்கிருந்து வருகிறது? புதிதாக அச்சடித்து வருகிறது. நம் பங்கின் பாகம் அந்த அளவு கரைகிறது. வந்த பங்கை அவர் விற்கிறார், விலை மேலும் இறங்குகிறது, அடுத்த மாற்றத்தில் இன்னும் அதிகப் பங்கு. ஒரே நேரத்தில் கம்பெனியின் 9.99 சதவீதத்துக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. பார்த்தால் நமக்குப் பாதுகாப்பு போலத் தெரியும். நடைமுறையில் அது கொஞ்சம் மாற்று, விற்றுத் தீர், மறுபடி மாற்று என்ற ஓட்டத்தைத்தான் உண்டாக்குகிறது.

பங்கு எண்ணிக்கையைப் பாருங்கள். வெளியீட்டுக்கு முன் சுமார் 11.7 கோடி. மார்ச் 27 அன்று 42.8 கோடி. ஏழே வாரம்! அந்த நாட்களில் விலை எண்பது சென்ட் அளவில் இருந்தது. விலை ஏழில் ஒரு பாகமாகிவிட்டது. ஆனால் விலையை எண்ணிக்கையால் பெருக்கினால், பிப்ரவரி 6இல் சுமார் 69 கோடி டாலர், மார்ச் 27 வாக்கில் சுமார் 34 கோடி டாலர். கம்பெனியின் சந்தை மதிப்பு பாதியானது, ஒரு பங்கின் விலை ஏழில் ஒன்றானது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் பழைய பங்குதாரர்களின் பணம் போனது. அண்ணாச்சியின் நோட்டில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் இந்த இடைவெளி முதல் மாதத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

மிச்சக் கதை தெரிந்ததுதான். மார்ச் 30 அன்று அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். அதுவரை அதன்மூலம் வந்தது மொத்தம் சுமார் 36 கோடி டாலர். எதிர்பார்த்த நூறு கோடியில் பாதிகூட இல்லை. பிறகு சந்தையிலேயே நேரடியாகப் பங்கு விற்றார்கள். எண்ணிக்கை 73 கோடியைத் தாண்டியது. ஏப்ரல் 23இல் திவால் மனு. 26ஆம் தேதியிலிருந்து நீலக் கூப்பன் செல்லாது என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 29 அன்று பழைய பங்குகள் அனைத்தும் ரத்தாயின. என் மனைவியின் கூப்பன் கட்டு குப்பைக்குப் போனது.

இயக்குநர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கையில் பணமில்லை, கடன்காரர் வாசலில் நிற்கிறார். கிடைத்த கயிற்றைப் பிடித்தார்கள். என் ஆதங்கம் வேறு. அந்தப் பங்கு கைமாறிய நாஸ்டாக் பங்குச் சந்தையின் விதிப்படி, சந்தை விலைக்குக் கீழே, இருக்கும் பங்குகளில் 20 சதவீதமோ அதற்கு மேலோ புதிதாக வெளியிட வேண்டுமானால் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும். பொது வெளியீடாக இருந்தால் அந்த விதி பொருந்தாது. இந்த வெளியீடு பொது வெளியீடு என்ற வடிவத்திலேயே வந்தது. பங்கைக் கரைத்தது யாருடையதையோ, அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது ஸ்குவீஸுக்கு வருவோம். நெல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவல் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க, சந்தைக்குப் போய் வாங்கியாக வேண்டும் என்பதில்தான் அண்ணாச்சியின் நம்பிக்கை முழுதும் நிற்கிறது. களஞ்சியக்காரரே புதுப்புது மூட்டையாக அளந்து ஊற்றிக்கொண்டிருந்தால்? அதுவும் விலை இறங்க இறங்க மூட்டையைக் கூட்டி அளந்தால்? இரவல் வாங்கியவருக்கு அவசரம் ஏது? பங்கு எண்ணிக்கை 11.7 கோடியாக இருந்தபோது ஷார்ட் போன பங்குகள் பெரிய பாகமாகத் தெரிந்தன. அது 42.8 கோடியானபோது, அதே அளவு ஷார்ட், ஓரத்தில் ஒதுங்கிய சிறு பாகம். ஸ்குவீஸுக்கு வேண்டியது பங்குத் தட்டுப்பாடு. கம்பெனியே வெள்ளமாய்த் திறந்துவிட்ட பிறகு தட்டுப்பாடு எங்கிருந்து வரும்?

மாற்றத்தக்க பங்கு வைத்திருப்பவர்களே ஷார்ட் அடிப்பதும் உண்டு. இங்கே இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாற்று விலை நிலையாக இருந்தால், அந்தப் பத்திரத்தை வாங்கியவர் தம் நட்டத்தை மட்டுப்படுத்தக் கொஞ்சம் பங்கை ஷார்ட் அடித்து வைப்பார். பங்கு ஏறினால் இன்னும் கொஞ்சம் விற்பார், இறங்கினால் திரும்ப வாங்குவார். இது பழைய, நேரான தொழில். ஏற்ற இறக்கத்தைத் தணிக்கக்கூட அது உதவும். அந்த ஷார்ட்டைப் பார்த்துக் கம்பெனி வீழப்போகிறது என்று யாரோ பந்தயம் கட்டியதாக எண்ணுவது தவறு.

மாற்று விலை சந்தையோடு சேர்ந்து சரிகிறபோதுதான் பேய் பிடிக்கிறது. அங்கே விலையைத் தள்ளிவிடுவதற்கே ஒரு காரணம் பிறந்துவிடுகிறது. இன்று இரவல் வாங்கி விற்று விலையை இறக்கினால், நாளை அதிகப் பங்காக மாற்றி இரவலைத் தீர்க்கலாம். சந்தையில் வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை. இது கற்பனை அல்ல. பென்சில்வேனியாவில் செடோனா என்ற சிறு கம்பெனி இப்படி மாற்றத்தக்க கடன்பத்திரம் கொடுத்துப் பணம் வாங்கியது. ஷார்ட் அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. முதலீட்டாளர் சார்பில் செயல்பட்ட ரைனோ அட்வைசர்ஸ் 2001இல் அந்தப் பங்கை ஷார்ட் அடித்து விலையை அமுக்கியது என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி. வழக்குப் போட்டது. 2003இல் 10 லட்சம் டாலர் அபராதத்தோடு அந்த வழக்கு முடிந்தது. ஆக, ஷார்ட் அடித்தவர் குற்றவாளியாக இருக்கும் கதையும் உண்டு. ஆனால் அந்தக் கதையிலும் கதவைத் திறந்துவிட்டது சரிகிற மாற்று விலைதான்.

பெட் பாத் விஷயத்தில் முன்னுரிமைப் பங்கை வாங்கியவர் ஷார்ட் அடித்தார் என்று நான் சொல்லவில்லை. அடிக்காமலேயே இவ்வளவும் நடக்க முடியும் என்பதுதான் என் வாதம்.

இன்னொரு கதையும் உங்களுக்குப் பழக்கமானது. ஏ.எம்.சி. தியேட்டர் கம்பெனி. கூடுதல் பங்கு வெளியிட 2021இல் அனுமதி கேட்டார்கள், ஆதரவு போதாமல் ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு வேறு வழி. 2022 ஆகஸ்ட் 22 முதல், ஒவ்வொரு பங்குக்கும் ஒரு 'ஏப்' இனாமாக வந்தது. மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்கில் நூறில் ஒரு பாகம் அது. பங்குதாரர்கள் பின்னால் ஒப்புக்கொண்டால் ஒரு ஏப் ஒரு சாதாரணப் பங்காகும். இரண்டும் ஒருநாள் ஒன்றாகப் போகிறவை என்றால் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? 2022 டிசம்பர் இறுதியில் ஏ.எம்.சி. நான்கு டாலர், ஏப் ஒன்றரை டாலருக்கும் கீழே.

தேர்ந்த வியாபாரி என்ன செய்வார்? மலிவான ஏப்பை வாங்குவார், விலைமிக்க ஏ.எம்.சி.யை ஷார்ட் அடிப்பார். இரண்டும் சேரும் நாளில் இடைவெளி அவர் பையில். அவருக்கு ஏ.எம்.சி. நன்றாக ஓடினாலும் ஒன்றுதான், படுத்தாலும் ஒன்றுதான். அந்த ஷார்ட்டுகளைப் பார்த்து, நம் தியேட்டரை அழிக்க வந்த கூட்டம் என்று நீங்கள் கொதித்தீர்கள். இடைவெளியை உண்டாக்கியது கம்பெனி வெளியிட்ட அந்த இரண்டாவது தாள். 2023 மார்ச் 14 வாக்கெடுப்பில் மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதை எதிர்த்துப் பங்குதாரர்கள் சிலர் போட்ட வழக்கு டெலாவேர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. ஜூலை 21இல் நீதிபதி முதல் சமரசத்தை மறுத்தபோது ஏ.எம்.சி. துள்ளியது. ஆகஸ்ட் 11இல் திருத்திய சமரசத்தை ஏற்றபோது, அடுத்த வர்த்தக நாளில் மூன்றில் ஒரு பாகம் விழுந்தது.  இரண்டு முறையும் விலையை ஆட்டியது பெரும்பாலும் ஏப் எப்போது மாறும் என்ற எதிர்பார்ப்புதான். ஆகஸ்ட் 25இல் எல்லாம் சாதாரணப் பங்காயின.

நண்பர்களே, நீங்கள் சேமித்த பணம் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். இரவு வேலை, கூடுதல் ஷிப்ட், ஊருக்கு அனுப்பியது போக மீதி. அந்தப் பணத்தை யாரோ முகம் தெரியாத எதிரி திருடிக்கொண்டான் என்று நம்புவது மனத்துக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆறுதல், கண்முன்னே அச்சாகிக் கிடக்கும் ஒப்பந்தத்தைப் படிக்கவிடாமல் செய்கிறது. ஷார்ட் எண்ணிக்கை மாதம் இரண்டு முறை வெளியாகிறது, அதை மட்டும் விடாமல் பார்க்கிறீர்கள். வெளியீட்டின் விவரங்கள் எஸ்.இ.சி. தளத்தில் 424பி5 என்ற ஆவணத்தில், யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கின்றன. 'மாற்று விலை' என்று வரும் பக்கத்தைத் தேடுங்கள். எண் நிலையானதா, சந்தையோடு சரிகிறதா? தரைவிலை எவ்வளவு? தரைவிலைக்கே எல்லாம் மாறினால் மொத்தப் பங்கு எத்தனை கோடி? ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு.

எஸ்.இ.சி.க்கும் நாம் ஒரு கோரிக்கை அனுப்ப வேண்டும் என்று விரும்புகிறேன். சரிகிற மாற்று விலையில் பங்கு வெளியிடும் கம்பெனி, அந்த மாற்றம் நடக்கிற காலம் முழுதும், மொத்தப் பங்கு எண்ணிக்கையை ஒவ்வொரு வர்த்தக நாளும் வெளியிட வேண்டும். அவ்வளவுதான். தடை எதுவும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம். 11.7 கோடி 42.8 கோடியாகிற ஏழு வாரத்தில், வாங்குகிறவனுக்குத் தான் எதை எத்தனையில் ஒரு பாகமாக வாங்குகிறோம் என்று அன்றன்றே தெரிய வேண்டும். வரைவு எழுதி வைத்திருக்கிறேன், வருகிற கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். திருத்திக் கையெழுத்திடுங்கள். அவரவர் கையில் இருக்கும் பங்கின் 424பி5 ஆவணத்தையும் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.

அண்ணாச்சியிடம் இவற்றை முன்பே பேசிவிட்டேன். அவருக்குத் தெரியாமல் அவர் நோட்டைப் பற்றி எழுதுவது முறையல்ல. நேற்று மாலை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தோம். அவருடைய கம்பெனியின் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தோம். முதலில் கோபப்பட்டார், பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது அளவுகோலை எடுத்து வைத்து, இன்றைய விலைக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்துகொண்டிருந்தார். தலைப்பில் 'மொத்தப் பங்கு' என்று எழுதிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் எண்ணிக்கையைத் தேடிக் கொடுக்கும்படி என்னைக் கேட்டார். இன்று அனுப்பிவைத்தேன்.

அன்புடன்,
உங்கள் வட்டத்துக் கணக்காளன்
நியூஜெர்சி